நடக்க வருபவர் எங்கே தங்குவது?

நீலகிரிக்குப் போவது என்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் தொடங்குவது அறை தேடும் வேலைதான். படங்களைப் பார்த்து, வாடகையை ஒப்பிட்டு, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா என்று விசாரித்து, முன்பணமும் கட்டிய பிறகுதான் ‘அங்கே போய் என்ன செய்வது’ என்ற பேச்சு வருகிறது. ஏரியில் படகில் சுற்றி, பூங்காவில் உட்கார்ந்து, வர்க்கியும் தேயிலைத்தூளும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இந்த வரிசையால் பெரிய நஷ்டம் இல்லை. கால் ஓயும்வரை நடக்கவும், சைக்கிள் மிதிக்கவும், ஒரு காலைப்பொழுதைச் சோலைக்காட்டுக்குள் கழிக்கவும் வருபவருக்கோ இதே வரிசை விடுமுறையில் பாதியைத் தின்றுவிடும். அவர் முதலில் நடக்கப்போகும் பாதைகளை முடிவு செய்ய வேண்டும். பிறகு, அந்தப் பாதைகள் வாசலிலிருந்தே தொடங்கும் ஊரில், அல்லது ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய ஊரில் தங்க வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டால் ஆண்டின் பெரும்பகுதிக்கு விடை ஊட்டி அல்ல, குன்னூர் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். சிலருக்கு அது கோத்தகிரியாக இருக்கும். ஊட்டிக்கும் உரிய மாதங்கள் உண்டு. அவை பின்னால் வரும்.

மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவர் ஏமாறுவார். ஊட்டியிலிருந்து குன்னூர் 18 கிலோமீட்டர்தான். சமவெளியில் அரை மணி நேரமும் ஆகாத இந்தத் தூரத்துக்கு மலைச்சாலையில் சாதாரண நாளில் முக்கால் மணி நேரம் தேவை; ஏப்ரல், மே மாதக் கூட்டத்தில் அதுவே இரண்டு மடங்காகலாம். குன்னூரிலிருந்து லேம்ஸ் ராக் காட்சிமுனை இன்னும் 8 கிலோமீட்டர். டால்பின் நோஸ் அதற்கும் அப்பால். ஊட்டியில் அறை எடுத்து லேம்ஸ் ராக் பார்க்கக் கிளம்புபவர் போகவும் வரவுமாக இரண்டரை மணி நேரத்தை வண்டிக்குள் செலவழிக்கிறார். அந்த நேரத்தில் ஒரு சராசரி மனிதர் எட்டுப் பத்து கிலோமீட்டர் நடந்திருப்பார். இதில் எந்த நேரம் பறிபோகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளிர்மாதங்களில் ஆறரை மணிக்கு மேல்தான் நன்றாக விடிகிறது. மாலை ஆறுக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிறது. கோடை என்றால் நண்பகலுக்குப் பின் மேகம் ஏறி, மஞ்சு மூடி, பல நாட்களில் இடியோடு மழையும் கொட்டும். டால்பின் நோஸிலிருந்து கேத்தரின் அருவியைப் பார்க்க வேண்டுமென்றால் நம்பத்தக்க நேரம் முற்பகல்தான். அந்த முற்பகலைத்தான் தொலைவில் தங்குபவர் சாலையில் இழக்கிறார்.

உயரமும் இந்தக் கணக்கில் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர், குன்னூர் 1,850. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குளிரும் என்ற பொது விதிப்படி இரண்டு ஊர்களுக்கும் இரண்டரை டிகிரிதான் வித்தியாசம். கேட்கச் சிறிதாகத் தெரியும் இந்த வித்தியாசம் டிசம்பர், ஜனவரி விடியலில் பெரிதாகிவிடுகிறது. ஊட்டியைச் சுற்றிய பள்ளமான புல்வெளிகளில் உறைபனி விழும் காலம் அது. சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்தவர் அந்தக் குளிரில் எட்டு மணிக்கு முன் கம்பளியை விட்டு எழுவதில்லை. குன்னூரில் ஒரு ஸ்வெட்டரும் தலைக்கு மப்ளரும் போதும். ஏழு மணிக்குச் சாலையில் இருக்கலாம். கடற்கரை ஊர்களின் உடம்புக்கு 2,200 மீட்டரில் முதல் நாள் ஏற்றம் மூச்சு வாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தின் 325 மீட்டரிலிருந்து ஒரே மூச்சில் உச்சிக்குப் போவதைவிட, நடுவில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிய பிறகு 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஏறுவது சுகமானது.

மூன்றாவது காரணம் போக்குவரத்து. குன்னூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-இல் குன்னூர் வரைதான் வந்தது. ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான செங்குத்தான பகுதியில்தான் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பட்டை இருக்கிறது. நீராவி எஞ்சினும் அந்தப் பகுதிக்கு உரியது. சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பி, விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஏழு மணி வாக்கில் புறப்படும் மலை ரயிலில் ஏறினால், யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்தப் பாதையின் சிறந்த பகுதி குன்னூரிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே இறங்குபவர் எதையும் இழப்பதில்லை. அதற்கு மேல் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டிக்குப் போகும் டீசல் ரயில் ஒரு நாளில் சில முறை ஓடுகிறது. ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஊட்டியை ஒருநாள் பார்த்துவர அதுவே போதும். ரயில் கிடைக்காவிட்டால் அரசு பஸ்கள் அடிக்கடி உண்டு. ஒரு எச்சரிக்கை: அழகாக இருக்கிறது என்று தண்டவாளத்தில் நடக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். சுரங்கங்களிலும் பாலங்களிலும் ஒதுங்க இடமும் கிடையாது.

‘சொந்தக் கார் இருக்கும்போது எங்கே தங்கினால் என்ன’ என்று கேட்பார்கள். கார் எல்லாவற்றையும் தீர்த்த காலம் நீலகிரியில் முடிந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவருக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் காவல் துறை ஒருவழியாகத் திருப்பிவிடுவதும் வழக்கம். காரோடு வருபவர் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நடைப்பயணத்தில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவது பாதி ருசியைக் கெடுத்துவிடும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் பஸ் பிடிப்பவருக்குத்தான் முழுப் பாதையும் கிடைக்கிறது. நிறுத்திவைத்த கார் நடப்பவரைக் கயிறு கட்டி இழுத்துவிடும்.

குன்னூர் என்று சொன்னால் மட்டும் போதாது. ஊர் இரண்டு தட்டாக இருக்கிறது. கீழ்க்குன்னூரில் பஸ் நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட், சத்தம், மலிவான லாட்ஜுகள், இட்லி கிடைக்கும் கடைகள். மேல்குன்னூரில் பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா, பழைய பங்களாக்கள், மரங்கள், அமைதி. பஸ் நிலையத்திலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு இரண்டு கிலோமீட்டரை ஒட்டிய ஏற்றம். தனியாக வருபவரும், விடியலில் முதல் பஸ் பிடிக்க நினைப்பவரும் கீழே தங்கலாம். மற்றவர்களுக்கு மேலேதான் சரி என்பது என் உறுதியான கருத்து. காரணம் அந்த ஒரு சாலை. 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவின் பக்கமிருந்து லேம்ஸ் ராக் நோக்கிப் போகும் அது தேயிலைச் சரிவுகளையும் சோலை மரங்களின் நிழலையும் மாறிமாறித் தொட்டுச் செல்கிறது. பெரிய ஏற்ற இறக்கமும் இல்லை. அதில் மெதுவாக நடந்து, லேம்ஸ் ராக்கின் விளிம்பிலிருந்து கோவைச் சமவெளியைப் பார்த்துவிட்டு, முடிந்தவர்கள் டால்பின் நோஸ் வரை போய், பஸ்ஸிலோ ஆட்டோவிலோ மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மறுநாள் நான்சச் எஸ்டேட் பக்கம் போய், பக்காசூரன் கோட்டை என்று மக்கள் சொல்லும் ட்ரூக் சிகரத்துக்கு ஏறலாம். அந்தப் பாதை திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு முழு நாட்கள் வாடகைக் கார் இல்லாமலே கழிந்துவிடும். ஊட்டியின் நடுவில், சேரிங்கிராஸ் பக்கம் தங்கி இப்படி இரண்டு நாட்களைக் கழிப்பது கடினம்.

அதற்காக ஊட்டியில் நடக்கவே இடமில்லை என்று சொல்வது அநியாயம். நகரத்தை ஒட்டியே, அவலாஞ்சி சாலையில் கெய்ர்ன் ஹில் காடு இருக்கிறது. கோத்தகிரி சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் தொட்டபெட்டா. 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா விரிந்து கிடக்கும் சரிவில் சுற்றினாலே ஒரு காலைப்பொழுது போய்விடும். மேற்கே உள்ள உயர்ந்த புல்வெளிகளை, அதாவது அவலாஞ்சி, பார்சன்ஸ் வேலி, முக்குருத்தி பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குன்னூரில் தங்குவதுதான் முட்டாள்தனமாகும்; விடியலுக்கு முன் எழுந்தாலும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. ஆனால் அந்தப் பக்கம் நினைத்தபோது நடந்துவிட முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் இறந்த பிறகு, வனத்துக்குள் நடப்பதற்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள். கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை, அவலாஞ்சி, பார்சன்ஸ் வேலிப் பாதைகள் அதில் உண்டு. இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும். ஆகவே ஊட்டியில் தங்குவதைப் பதிவுச்சீட்டு தீர்மானிக்கட்டும்: அவலாஞ்சிப் பக்கம் இடம் கிடைத்தால் அதற்கு முந்தைய இரவை ஊட்டியில் கழியுங்கள். கிடைக்காவிட்டால் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஒருநாள் போய்வந்தால் போதும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கக்கூடியது மழை ஒன்றுதான். சுற்றுலாக் கையேடுகள் ‘நீலகிரியில் மழைக்காலம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பெரிய தவறு. இந்த மலைக்கு இரண்டு முதுகு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தை அறைகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே மாதங்களில் மலையின் கிழக்கு முகத்தில் உள்ள குன்னூரும் கோத்தகிரியும் ஓரளவு மறைவில் இருக்கின்றன. தூறலுக்கும் மஞ்சுக்கும் நடுவே நடக்கத் தக்க நாட்கள் நிறைய. அக்டோபர் நடுவில் காற்று திரும்புகிறது. வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில்தான் முதலில் மோதும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை அந்த ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் பாறை விழுந்து மலை ரயில் நிறுத்தப்படுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். எனவே அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வருபவருக்குச் சரிவான நிலத்தில், மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய குன்னூர் விடுதி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊட்டியின் திறந்த மேட்டுநிலம் அப்போது பாதுகாப்பானது. மேற்கே மழையும் குறைந்திருக்கும். அதன் பிறகு மீண்டும் குன்னூர்.

கூட்டமே வேண்டாம் என்பவர்கள் கோத்தகிரிக்குப் போகலாம். உயரம் கிட்டத்தட்ட குன்னூர் அளவுதான். கடைகள் குறைவு, சத்தமும் குறைவு. ஊருக்கு அருகே 116 ஹெக்டேரில் லாங்வுட் சோலை இருக்கிறது. கீழே உள்ள கிராமங்களுக்குக் குடிநீர் தருவதே இந்தக் காடுதான். கண்ணேரிமுக்கில் அந்நாளைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு நடக்கும் தூரத்தில். கோடநாடு காட்சிமுனை 18 கிலோமீட்டர் என்பதால் பஸ் வேண்டும். படகர் கிராமங்களான ஹட்டிகளை இணைக்கும் சிறு சாலைகள் இங்கே ஏராளம்; வீட்டு வாசல்களையும் கோயில் முற்றங்களையும் கடந்து போகும் அந்தச் சாலைகளில் விருந்தாளியின் பணிவோடு நடக்க வேண்டும். சைக்கிள்காரர்களுக்கும் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்ற முக்கோணம் நல்ல களம். 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ பயணத்தால் பெயர் பெற்ற கல்லட்டி ஏற்றமும் அதன் 36 கொண்டை ஊசி வளைவுகளும் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்.

இப்போது வலுவான மறுப்புக்கு வருகிறேன். ‘தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு எஸ்டேட் பங்களாவில் தங்கினால் வாசலிலேயே பாதை தொடங்குமே, உங்கள் விதிப்படி அதுதானே சிறந்தது?’ பாதி உண்மை. விடிந்ததும் பச்சைச் சரிவில் இறங்கும் சுகத்துக்கு ஈடில்லை. ஆனால் பல எஸ்டேட் பங்களாக்கள் தார்ச்சாலையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஜீப் மட்டும் போகும் மண்சாலையின் முடிவில் இருக்கின்றன. மாலை ஐந்தரைக்கு மேல் அந்தச் சாலையில் நடக்க முடியாது. காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் தேயிலைக்குள் நடமாடுவது குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் அன்றாடச் செய்தி. வீடுகளுக்குப் பக்கத்திலேயே சாதுவாக மேயும் காட்டெருமை, நெருங்கிப் படம் எடுக்கப்போனவரைத் தூக்கி எறிந்துவிடும். வழியில் நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை. ஆகவே பங்களாவில் தங்குபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு எஸ்டேட்தான். மற்ற எல்லாப் பாதைகளுக்கும் ஓட்டுநரை நம்பியிருக்க வேண்டும். ஓய்வும் ஓரளவு நடையும் வேண்டுவோருக்கு அது போதும். நான்கு நாளில் நான்கு பாதை பார்க்க நினைப்பவர் கடைசி ஓர் இரவை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: தேயிலைத் தோட்டம் பூங்கா அல்ல, வேலைத்தலம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்க அரசு 1968-இல் தொடங்கிய ‘டான்டீ’யின் தோட்டங்கள் உட்பட, இந்தச் சரிவுகளில் கொழுந்து எடுப்பவர்கள் எடைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். அவர்கள் நிரையில் குறுக்கே புகுவதும், கேட்காமல் முகத்துக்கு நேரே படம் பிடிப்பதும் கூடாது. மருந்தடித்த பகுதிக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

மசினகுடியைப் பற்றிச் சுருக்கமாக. நடக்க வருபவருக்கு அது பொருந்தாத ஊர். அதை ஒட்டிய முதுமலை புலிகள் காப்பகத்தில் இறங்கி நடக்க அனுமதி கிடையாது; வனத்துறை வண்டியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வழி. அதோடு, ஊர் இருக்கும் சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அங்கே 27 விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில், அது யானை வழித்தடம் என்ற தமிழ்நாடு அரசின் அறிவிப்பு செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை எறிந்த கொடுமையைப் பார்த்து நாடே கலங்கியது. யானையைப் பார்க்க விரும்பினால் தெப்பக்காடு முகாமுக்குப் பகலில் போய்வாருங்கள்; தங்குவதானால் வனத்துறையின் ஓய்வு இல்லங்களைக் கேட்டுப்பாருங்கள். ‘இரவில் காட்டுக்குள் அழைத்துப்போகிறோம்’ என்று சொல்லும் விடுதி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஊரை முடிவு செய்த பிறகு அறையைத் தேடுங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதிகளும் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதிகளும் ஊட்டி, குன்னூர் இரண்டிலும் உண்டு; சீசனுக்கு மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும். முன்பணம் கட்டுவதற்கு முன் போனில் பேசிவிடுங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல் எத்தனை நிமிட நடை, அதில் எவ்வளவு படிக்கட்டு என்று கேளுங்கள். காலை ஆறரைக்கு டீயும், ஏழுக்குக் கையில் எடுத்துப்போகச் சாப்பாடும் கிடைக்குமா? எட்டரைக்குத்தான் சமையலறை திறக்கும் என்றால் அந்த விடுதி நடப்பவருக்கு உதவாது. நனைந்த சட்டையும் ஷூவும் ஒரு இரவில் காய வழி உண்டா? வெந்நீர் எந்த நேரம் வரும்? இரவில் காட்டெருமை வருமா என்றும் கேளுங்கள்; ‘வரும், அதனால் ஏழு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவோம்’ என்று பதில் சொல்பவரை நம்பலாம். குடிநீரை நிரப்பிக்கொள்ள வசதி உண்டா என்பதும் முக்கியம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. பர்லியாறிலும் குஞ்சப்பணையிலும் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வந்துவிடுங்கள்.